யார் முகமும் வாடக் கூடாது

புது சாரின் மேஜை இழுப்பறையைத் திறந்தால் ஒரு பெட்டிக்கடையே வைக்கலாம். ஊதுபத்திக் கட்டுகள், பாச்சை உருண்டை, மூட்டு வலித் தைலம், ஏதோ ஓர் ஆசிரமத்தின் காலண்டர், முப்பது நாளில் இந்தி கற்றுத்தரும் புத்தகம். எதையாவது தூக்கிக்கொண்டு யார் ஆபீசுக்குள் வந்தாலும் வாங்கிவிடுவார். "சார், போன வாரம்தான் இதே ஊதுபத்தி வாங்கினீங்க" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், "வெயில்ல நடந்து வந்திருக்காருங்கம்மா. வேண்டாம்னு சொன்னா மொகம் வாடிப் போயிருமுங்க" என்பார். அவருக்குத் தலைமுடி ஆரம்பிக்கிற இடம் கிட்டத்தட்ட உச்சந்தலை. அந்த இழுப்பறையில் சீப்பு மட்டும் ஒரு கைப்பிடி இருந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆபீஸ் அது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். கம்பெனிக்காரர்கள் புகையையும் கழிவையும் எங்கே விடுகிறார்கள் என்று பார்ப்பது அங்கே வேலை. அவ்வளவு தெரிந்தால் போதும். நான் அங்கே ஆபீஸ் அசிஸ்டென்ட். புருஷன் போனதால் வந்த வாரிசு வேலை. ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது, என் சோற்றில் மண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

அவருக்கு முன்னால் இருந்தவரைப் பற்றிச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது. அந்தப் பழைய சாருக்கு வாயைத் திறந்தால் சாக்கடை. ஜீப் டிரைவரில் இருந்து கம்பெனி முதலாளி வரை எல்லாருக்கும் ஒரே அர்ச்சனை. ஆனால் எங்கள் ஊர் ஏரிக்குள் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்த சாயக் கம்பெனியின் குழாயை, வெயிலில் முழங்கால் சேற்றில் நின்று, வாயை அடைத்து சீல் வைத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் கழிவை டேங்கர் லாரியில் ஏற்றி, சுத்திகரிக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஏரியில் மெதுவாகத் தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. எங்கள் ஊர் போர்வெல்கள் எல்லாம் அந்த ஏரி ஊற்றை நம்பித்தான் இருக்கின்றன.

அடுத்த மாதம், இன்னும் நாறுகிற ஏரியைத் தூர் வாரித் தரச் சொல்லி ஊர்ப் பெண்கள் அவரைப் பார்க்கப் போனார்கள். அன்றைக்கு மனிதருக்கு என்ன ஆத்திரமோ. "தண்ணி நாறுது, தண்ணி நாறுதுன்னு வந்துடறீங்களே, உங்க தெருவே அப்படித்தானே" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லுக்குள் என்ன இருந்தது என்று எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். யாரோ போனில் எடுத்துவிட்டார்கள். அது ஊர் ஊராய்ப் போயிற்று. ரோட்டில் உட்கார்ந்தார்கள், பஸ்கள் நின்றன, டிவிக்காரர்கள் வந்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னதற்கு, "வேலையை வேணா விடறேன், மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தார்கள். நானும் இரண்டு மத்தாப்பு கொளுத்தினேன், அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

அந்த நாற்காலிக்குத்தான் இவர் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். முதல் நாள் எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, டிபன் பாக்ஸ் பையோடு வாசலில் நின்றார். நான் அவரை எல்.ஐ.சி. ஏஜென்ட் என்று நினைத்து, "சார் இன்னும் ஜாயின் பண்ணல, அப்பால வாங்க" என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன். "சரிங்கம்மா" என்று திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்! டிரைவர் போட்டோவில் பார்த்திருந்ததால் ஓடிப் போய்க் கூட்டிவந்தான். "தப்பா சொல்லிட்டேன் சார்" என்றேன். அவரோ, "நீங்க சரியாத்தானுங்கம்மா சொன்னீங்க, நான் இன்னும் ஜாயின் பண்ணலையில்லீங்களா" என்றார்.

உள்ளே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "பாக்க வர்றவங்க எங்கீங்க உக்காருவாங்க?" என்பதுதான். மேஜைக்கு எதிரே ஒரு முக்காலி கூடக் கிடையாது. பழைய சார் எடுக்கச் சொல்லியிருந்தார். "யாரும் உக்கார மாட்டாங்க சார், நின்னுகினு சொல்லிட்டுப் போயிடுவாங்க" என்றேன். அன்று சாயங்காலமே தன் கைக்காசில் பொன்னேரி பஜாரில் இருந்து நாற்காலிகள் வாங்கி ஆட்டோவில் அனுப்பிவைத்தார். கை வைத்த, நல்ல கனமான பிளாஸ்டிக் நாற்காலிகள்.

எங்கள் ஆட்கள் பண்ணை வீட்டு வாசலில் நின்று பழகியவர்கள். நிலத்தில் வேலை போய் கம்பெனி வேலை வந்தபோது கம்பெனி கேட்டில் நின்று பழகினார்கள். ஆபீஸ் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஏரிக் குழாய்க்கு வைத்த சீலை நீட்டிப்பது என்ன ஆச்சு என்று கேட்க வந்தார். வழக்கம்போல் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். புது சார் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து, "உக்காருங்கய்யா, சாப்ட்டீங்களா?" என்றார். பெரியவர் நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளத் தயாராக, உட்கார்ந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தபோது டம்ளரை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார். "எடுத்துக் குடி நைனா" என்று நான் சொன்ன பிறகுதான் எடுத்தார்.

அன்று சாயங்காலம் என் அண்ணி அந்தப் பெரியவரைத் தெருவில் மடக்கினாள். அண்ணி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி, எனக்குப் பக்கத்து வீடு. சாயக் கம்பெனிக்குப் பக்கத்து இரும்புக் கம்பெனியில் பெருக்குகிற வேலை. அவள் வாய்க்கு எங்கள் ஊர் வார்டு மெம்பரே வழி விட்டு ஒதுங்குவார்.

"இன்னா சொன்னாரு?"

"சொக்கத் தங்கம்மா அந்த மனுஷன்."

"அது இருக்கட்டும். சீலு விசயம் இன்னா சொன்னாரு?"

"குந்த வெச்சி டீ குடுத்தாரு."

"டீ நம்ம ஊட்டுல இல்லியா? சீலு பத்தி கேட்டியா, கேக்கலியா?"

பெரியவர் யோசித்தார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, "அவுரு அவ்ளோ மரியாத குடுக்கசொல்ல, மூஞ்சில அடிச்ச மாரி அத எப்டிமா கேக்கறது?" என்றார்.

ஒருவர் இல்லை, போனவர்கள் எல்லாரும் இப்படித்தான் திரும்பி வந்தார்கள். கேட்டவர்களுக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது: "பாத்துப் பண்ணிரலாமுங்க." அந்த வார்த்தையை அவர் சொல்லும்போது தலையை லேசாகச் சாய்த்து, கண்ணை மூடித் திறப்பார். அதைப் பார்த்தால் காரியம் முடிந்துவிட்டது என்றே தோன்றும். எனக்கே தோன்றியிருக்கிறது.

நல்ல மனிதர் இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். எனக்கு டெங்கு வந்து பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெண்டாட்டியையும் அழைத்துக்கொண்டு, பிளாஸ்கில் ரசமும் தூக்கில் குழைந்த சாதமுமாக வந்து நின்றவர் அவர். என் அண்ணன்கூட அன்று ஓவர்டைம் என்று போய்விட்டான். என் மகளுக்குப் பரீட்சை என்றால் எனக்கு முன்னால் அவருக்கு ஞாபகம் இருக்கும். லஞ்சம், கிஞ்சம் எதுவும் கிடையாது. தீபாவளிக்குக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை எதிரில் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்து வந்து உட்கார்ந்த எங்கள் ஊர்க்காரர் கையில் கொடுத்து அனுப்பினார். உண்மையைச் சொன்னால் அவருக்கு லஞ்சம் கொடுக்க யாருக்கும் அவசியமே வரவில்லை. எதிரில் உட்கார்ந்து முகத்தைக் கொஞ்சம் சுருக்கினால் போதும்.

இதை நான் கண்டுபிடித்தது ஒரு முகூர்த்த நாளில். எங்கள் ஆபீஸ் கிளார்க் மகளுக்கு மீஞ்சூரில் கல்யாணம். எங்கள் வாட்ச்மேன் மகனுக்கு அதே நாள், அதே முகூர்த்தத்தில் பொன்னேரியில் கல்யாணம். இரண்டு பேரும் பத்திரிகை வைத்து, "தாலி கட்டசொல்ல நீங்க மேடையில இருக்கணும் சார்" என்றார்கள். இரண்டு பேருக்கும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடித் திறந்தார். அன்று காலை ஜீப்பில் பாதி வழி மீஞ்சூருக்குப் போய், அவர்கள் போன் பண்ணவும் பொன்னேரிக்குத் திருப்பி, இவர்கள் போன் பண்ணவும் மறுபடி மீஞ்சூருக்குத் திருப்பி, ரயில்வே கேட்டில் மாட்டி, கடைசியில் இரண்டு தாலியும் அவர் இல்லாமலே ஏறிவிட்டது. டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு எனக்கு ஏரி ஞாபகம் வந்துவிட்டது.

ஏனென்றால் சாயக் கம்பெனி மேனேஜரும் அதே நாற்காலிகளில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அவரும் ஒன்றும் மிரட்டவில்லை. டேங்கர் லாரிக்குக் கட்டுப்படியாகவில்லை, இப்படியே போனால் ஆட்களைக் குறைக்க வேண்டியதுதான், அதுவும் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பையன்களைத்தான் முதலில் நிறுத்த வேண்டிவரும், ராத்திரி தூக்கம் இல்லை சார் என்று முகத்தைத் தொங்கப்போட்டார். நான் டீ வைத்துக்கொண்டிருந்தேன். புது சாரின் முகம் அவர் முகத்தைவிட அதிகமாக வாடிப் போயிற்று. "கவலப்படாதீங்க, பாத்துப் பண்ணிரலாமுங்க" என்றார். அதே தலைச் சாய்ப்பு. அதே கண் மூடல்.

அந்த சீல் ஒரு தற்காலிக ஏற்பாடுதான். மழைக்காலம் வருவதற்குள் புது சார் போய்ப் பார்த்து, "இது இப்படியே இருக்க வேண்டும்" என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுதாவிட்டால் கெடு முடிந்ததும் அது தானாகவே செல்லாததாகிவிடும். யாரும் எதையும் உடைக்க வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். கிளார்க் இரண்டு மூன்று தடவை எழுதிக் கொண்டுபோய் வைத்தார். "கம்பெனிக்காரரும் பாவமுங்க, ஒரு வார்த்த அவருகிட்டயும் கேட்டுக்கலாமுங்க" என்று திருப்பிக் கொடுத்தார் சார்.

நான் அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர்களையும் அம்மன் கோயில் தெருக்காரர்களையும் சேர்த்து, சர்ச் கொட்டகையில் கூட்டம் போட்டாள்.

"கெடு முடியப்போவுது. நாளைக்கே திருவள்ளூர் போயி கலெக்டர் மனு நாள்ல மனு குடுக்கணும். இந்தாளு எழுத மாட்டன்றாருன்னு வெளிப்படையா சொல்லணும்."

கூட்டம் முணுமுணுத்தது. சாயக் கம்பெனியிலேயே லோடு ஏற்றுகிற ஒரு பையன்தான் முதலில் எழுந்தான். அவனாவது வேலை போய்விடும் என்று சொல்வான் என்று பார்த்தேன். அவனும், "அவுரு மேலயேவா மனு குடுக்கறது? எங்கம்மாவ அம்மான்னு கூப்புட்ட மொத ஆபீசரு அவுரு. அப்பால அவுரு மூஞ்சில எப்டி முழிக்கறது?" என்றான்.

"அவுரு மூஞ்சிய பாத்துகினு இருந்தா நம்ம ஏரி இன்னாடா ஆவறது?"

"அதான் பாத்துப் பண்றேன்னாரே. நம்மளே போயி அவுர அசிங்கப்படுத்தினா, நாளைக்கி எவன் நம்மள குந்த வெப்பான்?"

பெரியவரும் தலையாட்டினார். பழைய சார் திட்டியபோது ரோட்டில் முதல் ஆளாகப் போய்ப் படுத்தவர் அவர். "வோணாம்மா. அந்தப் புள்ள மொகம் வாடிடும்" என்றார்.

சாரின் வியாதி எங்கள் ஊருக்கே தொற்றிக்கொண்டது. எனக்கு அன்று வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை காலம் ஒருத்தரும் உட்காரச் சொல்லாததால் வந்த வினை இது; இவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. யாரும் மனு கொடுக்கப் போகவில்லை. அண்ணி மட்டும் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஒற்றை ஆள் மனு ஊர் மனு ஆகுமா?

கெடு முடிந்தது. மழை இறங்கியது. முதல் நாலு நாள் நல்ல தண்ணீர்தான் ஓடியது. ஐந்தாம் நாள், ஏரி நிரம்பி வழிகிற கலங்கலுக்குப் பக்கத்தில் நுரை கட்டி நின்றது. அந்த வாரத்திலேயே தெருக் குழாயில் வந்த தண்ணீர் மஞ்சள் அடித்தது, துணியில் போட்டால் துணி பிசுபிசுத்தது. அண்ணி பேத்திக்கு உடம்பெல்லாம் தடித்து, சொறிந்து சொறிந்து குழந்தை தூங்காமல் அழுதது.

பெண்களோடு அண்ணி ஆபீசுக்கு வந்தாள். நான் வாசலில் நின்றேன். என்னைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனாள். சார் பதறி எழுந்தார்.

"வாங்கம்மா, வாங்கம்மா. எல்லாரும் உக்காருங்க. மழைல நனைஞ்சு வந்திருக்கீங்களே" என்று என்னைப் பார்த்து, "துண்டு ஏதாவது இருக்குதுங்களாம்மா?" என்றார். மற்ற பெண்கள் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி உட்காரவில்லை.

"கொழாய தொறந்துட்டாங்க சார். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்கம்மா."

"நீங்க எழுதியிருந்தா தொறந்திருக்க மாட்டாங்க."

அவர் தலை குனிந்தார். "அவரும் வந்து இப்படித்தானுங்க உக்காந்தாரு. மொகத்தப் பாத்து முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்கம்மா."

"எங்களுக்கு மட்டும் முடியாதுன்னு சொல்ல வருதா?"

"உங்களுக்கும் நான் முடியாதுன்னு சொல்லலையேம்மா" என்றார். சத்தியமாக அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

அண்ணி பைக்குள் கையை விட்டு, காலையில் குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து மேஜை மேல் வைத்தாள். "அப்ப இத குடிங்க. யாருக்கும் மாட்டேன்னு சொல்லாத மனுசன்தான நீங்க. குடிங்க பாப்போம்."

அவள் நினைத்தது எனக்குத் தெரியும். இதற்காவது மாட்டேன் என்று சொல்வார், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மேலே பேசலாம் என்று பார்த்தாள். யாராயிருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். நான் "சார்!" என்று கத்துவதற்குள் அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டார். அண்ணி பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கியதில் மீதி அவர் சட்டையில் கொட்டியது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். தொண்டை இரண்டு தரம் ஏறி இறங்கியது. அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, விருந்துக்குப் போன வீட்டில் சொல்வதைப் போல, "பரவால்லீங்கம்மா, நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார்.

அண்ணிக்கு வாய் அடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காலி பாட்டிலோடு வெளியே போய்விட்டாள். மறுநாளே சாயக் கம்பெனி மேனேஜர் எங்கே எல்லாம் சொல்ல முடியுமோ அங்கே எல்லாம் சொன்னார்: அதிகாரியே குடித்துப் பார்த்து நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாரே, இவர்களுக்கு இன்னும் என்ன வேண்டுமாம்? மேலிடத்தில் இருந்து விசாரிக்க வந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். வயிற்றுப்போக்கில் சார் நாலு நாள் லீவில் இருந்தது யார் காதிலும் ஏறவில்லை. குழாய் மூடப்படவில்லை. இன்றுவரை எங்கள் ஊரில் குடிப்பதற்கு லாரித் தண்ணீர்தான். அண்ணி பேத்திக்கு மழைக்காலம் வந்தால் இப்போதும் தடிக்கிறது.

வருஷம் திரும்புவதற்குள் அவருக்கு மாற்றல் வந்தது. ஊர் ஆட்கள் திரண்டு வந்து பொன்னாடை போர்த்தினார்கள். பெரியவர் விசும்பி விசும்பி அழுதார். பாழாய்ப்போன எனக்கும் அழுகை வந்தது. எல்லாரும் போன பிறகு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க அண்ணி மட்டும் வரலைங்களே. கோவமுங்களா?"

"ஆமா சார்."

"நான் அவங்கள ஒரு வார்த்த கூட கடிஞ்சு சொல்லலீங்களேம்மா."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "சொல்லியிருக்கலாம் சார். முடியாதுன்னு மொத நாளே வெரட்டி உட்டிருந்தா, பழைய சாருக்குப் பண்ண மாரி ரோட்டுல குந்தியாவது எங்க தண்ணிய காப்பாத்தியிருப்போம். நீங்க எங்கள எங்கயும் போவ உடல" என்றேன். ஓர் அதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஏதாவது மறுத்துச் சொல்லட்டும், ஒரு தடவையாவது என்மேல் கோபப்படட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தலையை லேசாகச் சாய்த்தார்.

"நீங்க சொல்றது சரிதானுங்கம்மா" என்றார்.